அடுப்புக்குப் பூட்டிய குதிரைகள்

ரயில் வரும் இடத்தை எஃபீமியா அக்கா எங்கள் ஊருக்கு வருமுன்பே இரண்டு முறை தப்பாக ஊகித்திருந்தாள். செல்கர்க்கில் சாப்பாட்டுக்கடை போட்டாள்; ரயில் வின்னிபெக் வழியாகப் போய்விட்டது. பாட்டில்ஃபோர்டில் போட்டாள், தண்டவாளம் வெகுதூரம் தெற்கே விலகியது. மூன்றாவதாக எல்போ ஆற்றின் கிழக்குக் கரையில், எங்கள் கால்கரியில் வந்து இறங்கினாள். மரக்கட்டைச் சுவர் வைத்த வீடு, அதற்குள் செல்கர்க்கிலிருந்தே கூட வந்த இரும்பு அடுப்பு.

அந்த வீட்டின் பரணில்தான் நான் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பள்ளிக்கூடம் நடத்தத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பள்ளிக்கூடம் இன்னும் வரவில்லை.

ஜனவரியில் ரயில் கம்பெனி ஸ்டேஷனை ஆற்றின் மேற்குக் கரையில் வைத்தது. முதலில் தபால் ஆபீஸ் உறைந்த ஆற்றின்மேல் சறுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனது. பின்னாலேயே மருந்துக்கடை, லாயக்காரன் வீடு. அடியில் சறுக்குக்கட்டை கொடுத்துக் குதிரை பூட்டி இழுத்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் எதிர்வீடு இருக்காது.

"நான் நகரமாட்டேன். ரயிலுக்கு நான் வேணும்னா அது வரட்டும்" என்றாள் அக்கா.

ரயில் வரவில்லை. சாப்பிட வந்தவர்களும் நின்றுபோனார்கள். ஒரு காலை, சூப்புக் கரண்டியை என் முன்னால் ஆட்டினாள்.

"நேத்து இங்க சாப்பிட்டது யாரு தெரியுமா வாத்தியாரே? நீயும் உன் புஸ்தகமும். புஸ்தகம் உன்னைவிடக் கொஞ்சம் கம்மியாத் தின்னுச்சு. போய் கஸ்பாரைக் கூட்டிட்டு வா."

பிரெஞ்சும் பூர்வகுடியும் கலந்த மேத்தி இனத்து வண்டிக்காரன் கஸ்பார் குதிரைகளோடு வந்த அன்றுதான் மலைப்பக்கத்திலிருந்து சினூக் காற்று அடித்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றும் அளவுக்கு வெப்பம். கூரையில் தொங்கிய பனி சொட்டத் தொடங்கியது.

"இன்னிக்கு விட்டா அடுத்த குளிருக்குத்தான் அக்கா. அடுப்பை எறக்கிடு, பாரம்."

"உள்ள ரொட்டி வேகுது. இழுடா."

புகைபோக்கியில் புகையோடு வீடு ஆற்றில் இறங்கியது. நடு ஆற்றில் காலடியில் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். வீட்டின் ஒரு பக்கம் முழங்கால் அளவு பனிக்கட்டிக்குள் இறங்கியது. வாசலில் தண்ணீர் ஊறியது.

"அடுப்பைத் தூக்கி வெளிய போடுங்க! வீடாவது தப்பிக்கும்!" என்று கஸ்பார் கத்தினான்.

அக்கா ஒரு கணம் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அடுப்புக் குழாயை உதைத்துக் கழற்றினாள்.

"கதவைப் பேத்து எடு வாத்தியாரே. அடுப்பை அதுமேல சாய்ச்சு வை. குதிரைங்களை வீட்டிலேருந்து அவுத்து அடுப்புக்குப் பூட்டு கஸ்பார்."

"பைத்தியமா உனக்கு? வீடு போயிடும்!"

"செல்கர்க்குல ஒரு வீட்டை விட்டேன். பாட்டில்ஃபோர்டுல ஒண்ணை விட்டேன். அடுப்பை எங்கயும் விட்டதில்ல."

கதவின்மேல் படுத்தபடி அடுப்பு அக்கரை சேர்ந்தது. என் பெட்டியை மட்டும் எப்படியோ இழுத்துக்கொண்டு நானும் சேர்ந்தேன். திறந்த வெளியில் காற்றுக்கு முதுகு காட்டி அடுப்பை நிறுத்தி, அக்கா அப்போதே மூட்டினாள். முதல் ரொட்டி மேலே கருகி, உள்ளே வேகாமல் இருந்தது. தண்டவாளத் தொழிலாளிகள் அதையும் வரிசையில் நின்று வாங்கினார்கள். வீடு நடு ஆற்றிலேயே சாய்ந்து நின்றது. பனி உடைந்தபோது, எல்போ போய்க் கலக்கும் 'போ' என்ற பெரிய ஆற்றோடு அடித்துக்கொண்டு போனது.

இரண்டு வருடம் கழித்து வந்த பெரிய தீக்குப் பிறகு ஊரே மணற்கல்லில் கட்ட ஆரம்பித்தது. இப்போது நான் பாடம் நடத்துவதும் கல் கட்டடத்தில்தான். அந்தப் பெட்டியை ஏனோ இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. இங்கேதான் இருக்கப்போகிறேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

"நீயும் கல்லுல கட்டேன் அக்கா" என்று போன மாதம் சொல்லிப் பார்த்தேன்.

"ஸ்டேஷன் இங்கயே இருக்கும்னு நீ எழுதிக் குடு, கட்டறேன்."

அவள் புது வீடு இன்றும் சறுக்குக்கட்டைமேல்தான் நிற்கிறது. முதல் பனி விழுந்தால் கஸ்பாரிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி:

"குதிரைங்க நல்லா இருக்கா?"