வெயிலடித்தால் நின்றுபோகும் இணையம்

ஈரக் கம்பளி ஒன்று எங்கள் கேபிளில் தொங்குவதைப் பார்த்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது, மழையில் ஒழுங்காக ஓடும் இணையம் வெயிலடித்ததும் ஏன் சாகிறது என்று.

சின்னக்கானல் பக்கம், எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் கடைசி வீட்டு அக்கா ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். நான் டிப்ளமோ முடித்து ஊர் கேபிள்காரரிடம் வேலைக்குச் சேர்ந்த புதிது. "நடுவுல இப்படியே நின்னா பிள்ளைங்க வேற டீச்சரைத் தேடிப் போயிரும் பாப்பா" என்றார் அக்கா. இணையப் பெட்டியை மாற்றினேன், இணைப்பை வெட்டி மறுபடி ஒட்டினேன். ம்ஹூம். தேயிலைக்குள் புதைத்த பெரிய கேபிளை எலி கடித்திருக்கவும் வழியில்லை. அதில் கண்ணாடி இழைகள் பசை நிரப்பிய குழாய்களுக்குள் கிடக்கும்; சுற்றிலும் நெளிநெளியாக எஃகுத் தகடு, அதற்கு மேல் தடித்த கறுப்பு உறை.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது வேறு வகை. ஒரு ஓரத்தில் பாரம் தாங்க இரும்புக் கம்பி, மறு ஓரத்தில் இணையத்தைச் சுமக்கும் வெளிச்சம் போகத் தலைமுடி அளவு கண்ணாடி இழை. அது வாசல் நெடுகப் போனதால் துணிக்கொடியாகிவிட்டது.

"அத்தை, இதுலயா கம்பளி போடுவீங்க?" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் கேட்டேன்.

"உள்ள கம்பிதான?"

"கண்ணாடியும் இருக்கு."

"கண்ணாடியக் கயிறாத் திரிச்சிருக்காங்களாக்கும்! வந்துட்டா படிச்சவ."

மஞ்சள் உறை போட்ட மெல்லிய கேபிளின் முனையில் சிவப்பு விளக்குப் பேனாவைச் செருகி, பென்சிலில் இறுக்கிச் சுற்றிக் காட்டினேன். வளைந்த இடத்தில் சிவப்பு கசிந்தது. கம்பளிப் பாரத்தில், சுவரில் மாட்டிய கொக்கியருகே கேபிள் மடங்கியதும் இதேதான் நடந்திருக்கிறது.

"அடியாத்தி! அந்தப் பிள்ளைங்க கணக்கு பூராவும் என் கம்பளிக்குள்ளயா போச்சு?" என்றவர், உடனே, "சரி, துணிய இனி உன் தலையிலயா காயப்போட?" என்றார்.

மிச்சமிருந்த கேபிளில் கம்பியை மட்டும் உரித்தெடுத்து அவருக்குக் கொடி கட்டினேன். அக்காவின் கேபிளைக் கூரை விளிம்புக்கடியில், எங்கும் மடங்காமல், அகல வளைவாகக் கொண்டுபோனேன். அடுத்த வெயிலில் கம்பளிகளும் காய்ந்தன, பாடமும் நடுவில் நிற்காமல் முடிந்தது.

இப்போது எஸ்டேட்டின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிஷன் பிள்ளைகளும் அக்காவிடம் படிக்கக் கேட்கிறார்கள். நடுவில் யானை வழி. நட்ட கம்பமெல்லாம் சாய்ந்துவிடுகிறது. அங்கே தொங்கவிடும் பேச்சே இல்லை. எஃகுத் தகடு சுற்றிய கேபிளைக் குழாய்க்குள் விட்டு, யானை மிதித்தாலும் நசுங்காத ஆழத்தில் புதைக்கப் போகிறேன். மழை விட்டதும் பள்ளம் தோண்டுகிறோம்.