வடிவாய் வந்த முன்கண்ணாடி

இந்தச் சென்னப்பட்டணத்தில் யாராவது கேட்டதற்கு ஆமாம் என்ற பொருளில் நாம் "ஓம்" என்று பதில் சொன்னால், கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். யாழ்ப்பாணத்துச் சந்தையில் மீன் விற்கிறவள்கூட விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற சொல் இங்கே மந்திரமாகிவிட்டது. எனக்கு வேலை கிடைத்ததே அந்த மந்திரத்தினால்தான். மயிலாப்பூரில் ஒரு வக்கீல் ஐயர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "லாரி ஓட்டுவியா?" "ஓம்." "காசி வரைக்கும் ஓட்டணும், முடியுமா?" "ஓம்." ஐயர் உள்ளே திரும்பி, "கேட்டியோடி, வாயைத் திறந்தாலே பிரணவம்னா வரது!" என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த நான் அன்றைக்குச் சாயங்காலமே ஒரு மகானும் டிரைவருமாகிவிட்டேன்.

டிரைவர் என்றால் சாதாரண மோட்டாருக்கு அல்ல, ஒரு வீட்டுக்கு. ஐயரின் மனைவியை எல்லாரும் மாமி என்பார்கள். மாமிக்குக் காசிக்குப் போக ஆசை. ஆனால் போய்த் திரும்பும்வரை அந்நியர் சமைத்த ஒரு பருக்கையும் உள்ளே போகக் கூடாது, அந்நியர் தொட்ட தண்ணீரும் கூடாது. அதனால் ஐயர் ஒரு லொறியை வாங்கி, அதன் முதுகில் ஒரு வீட்டையே கட்டிவிட்டார். அடுப்பு, கட்டில், சுவாமி அலமாரி, தவலைகள் உருளாமல் இருக்க மரப் பள்ளங்கள், எல்லாம் உண்டு. ஊஞ்சலுக்குத்தான் இடமில்லை என்று மாமிக்குக் குறை. தெருவில் வண்டியை நகர்த்தினால் ஜட்காக் குதிரைகள் மிரண்டு பின்னால் போகும். நம்மூரில் வீடு மாறுவது என்றால் வண்டியில் சாமான் ஏற்றுவோம். இங்கே வீட்டையே ஏற்றி, அதற்கு ஹாரனும் வைத்திருக்கிறார்கள்.

புறப்பாடு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. செவ்வாயன்று வண்டிக்குத் திருஷ்டி கழித்தார்கள். ஐயரே தேங்காயை மூன்று முறை சுற்றி, வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தலைக்குமேல் தூக்கி ஓங்கினார். எண்ணெய்க் கை. தேங்காய் முன்னால் போகாமல் பின்னால் போயிற்று. கதவளவு அகலமான முன்கண்ணாடி ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கீறல் விட்டது. தேங்காய் மட்டும் முழுசாய் இருந்தது.

"கண்ணாடி உடைஞ்சுடுத்து" என்றார் ஐயர், அது தானாகவே நொந்து உடைந்ததுபோல. பிறகு என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வேற கண்ணாடி போடு. இல்லேன்னா வண்டியை வித்துடப்போறேன். நீயும் போய்ச் சேரலாம்."

போய்ச் சேருவதற்கு எனக்கு ஓரிடம்தான் உண்டு: என்னைப் பெற்ற அப்புவின் புகையிலைக் கொட்டில். "கப்பலேறிப் போறவன் அடுத்த கப்பலிலை வந்து நிப்பான்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். கொட்டிலைக்கூடத் தாங்கலாம். அவர் சிரிப்பை எப்படித் தாங்குவது?

சிந்தாதிரிப்பேட்டையில் படத்துக்குச் சட்டம் போட்டு, கல்யாண வீடுகளுக்கு நிலைக்கண்ணாடி செய்துகொடுக்கும் பாய் ஒருவரிடம் போனேன். அளவு வெட்டிய காகிதத்தை விரித்ததும், "இன்னா நைனா, தேருக்கா?" என்றார்.

"லொறிக்கு. வடிவா வெட்டித் தாங்கோ."

"லாரிக்கு வடிவா?"

"ஏன், லொறியெண்டா வடிவு வேண்டாமோ? நல்ல வடிவா வேணும்."

"ஓரத்துக்கு மட்டும் போதுமா, நடுவுலயும் வோணுமா?"

உலகத்தில் இப்படியும் ஒரு கேள்வி உண்டா? "ஓரமும் வடிவா வேணும், நடுவும் வடிவா வேணும்" என்றேன். பாய் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பெரிய எடம் போலக்கீது. வியாழக்கெழம வா. உன் மொதலாளி கண்ணுல ஒத்திக்குவாரு."

வியாழனன்று போனேன். கண்ணாடியின் இரண்டு பக்கமும் இரண்டு கிளிகள். சுற்றிலும் கொடி. நடுவில் சாப்பாட்டுத் தட்டத்தளவு ஒரு தாமரை, இதழ் இதழாய்த் தேய்த்து, பால்போல வெள்ளையாய்.

"பாய்! இதென்ன?"

"வடிவு! கை வுட்டுப்போச்சு நைனா தேச்சித் தேச்சி."

"எனக்கு முன்னாலை றோட்டுத் தெரியவேணும், தாமரையில்லை! எங்கட ஊரிலை வடிவா எண்டா, கவனமா, பிழையில்லாமல் எண்டு அர்த்தம்."

பாய் தாடியைத் தடவினார். "சரி, அளகுக்கு உங்க ஊர்ல இன்னா சொல்லுவீங்கோ?"

கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். "அதுக்கும் வடிவுதான்."

"அட்றா! அப்போ எம்மேல இன்னாய்யா தப்பு?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தால் எழுதி அனுப்புங்கள். இந்த அகலத்தில் இன்னொரு கண்ணாடி வேண்டுமென்றால் அடுத்த சரக்குக் கப்பல் வரவேண்டுமாம். தாமரையைக் கைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். சட்டத்தைச் சுரண்டி, கம்பளி நாடா வைத்துப் பொருத்தி, ஓரமெல்லாம் மக்குப் பூசினேன். யார் மக்கு என்று நீங்கள் கேட்க வேண்டாம். உட்கார்ந்து பார்த்தேன். தாமரை சரியாக என் மூக்குக்கு நேரே மலர்ந்திருந்தது.

ஐயர் வந்தார். "ஏண்டா, இது லாரியா கல்யாணப் பந்தலா? கண்ணைக் கட்டிண்டா காசிக்குப் போறது? வேண்டாம். வண்டியும் வேண்டாம், நீயும் வேண்டாம்!"

என் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன். அப்போது மாமி வாசலுக்கு வந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாமரைன்னா இது! மகாலக்ஷ்மி தானா வந்து உக்காந்துண்டிருக்கா."

"அவன் எப்படிடி தெருவைப் பாப்பான்?"

"சாஞ்சு பாப்பான். ஏம்ப்பா, சாஞ்சு ஓட்டுவியோன்னோ?"

"காசியென்ன, கைலாசத்துக்கும் சாஞ்சே ஓட்டுவன், அம்மா."

ஐயர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி மெல்லக் கேட்டார்: "மொதல் கண்ணாடியை உடைச்சது யாருன்னா?"

ஐயர் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை. வடக்கே திரும்புமுன் திருவான்மியூர் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்றார் மாமி. அடையாற்றுப் பாலத்தில் ஒரு கட்டைவண்டி குறுக்கே நின்றது. வண்டிக்காரர் தாமரையைக் கண்டதும் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "உள்ள இன்னா சாமி கீது?" என்றார்.

"சாமியில்லை, அம்மா. வழி விடுங்கோ."

"அம்மனா!" என்று மாட்டை ஓரங்கட்டிக் கும்பிட்டார். பிறகுதான் என் பேச்சு அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "நீ பட்ணம் இல்லியே. எந்த ஊரு நைனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து மாமியின் குரல் வந்தது: "அவன் நம்மாத்து டிரைவர்! வழியை விடுப்பா!"

நம்மாத்து என்றால் மயிலாப்பூர்ப் பாஷையில் நம் வீட்டு. கீழே அடையாறு ஓடிக்கொண்டிருந்தது. நம்மூரில் ஆறென்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? நாமெல்லாம் கிணற்றில் வாளி விட்டு வளர்ந்தவர்கள். அப்படிப்பட்டவன் பாலத்தின் நடுவில் நம்மாத்து ஆளாகிவிட்டேன். தாமரைக்கும் கிளிக்கும் இடையே ஒரு சாண் வெறுங்கண்ணாடி. அதற்குள்தான் தெரு, அதற்குள்தான் வெயிலில் என் மூஞ்சியும். மூஞ்சியைப் பார்த்தால் தெரு மங்குகிறது. தெருவைப் பார்த்தால் மூஞ்சி கரைகிறது. பின்னால் தவலைகள் கடகடவென்று அவசரப்படுத்தின. கழுத்தை ஒருக்களித்துக்கொண்டு கியரைப் போட்டேன்.