ஆறுச்சாமி படித்த ஜப்பான் கதை

சரவணம்பட்டியில் மகள் வீட்டுக்குப் போனால் எனக்கு மத்தியானத் தூக்கம் பேத்தியின் அறையில்தான். அங்கேதான் ஏ.சி. இருக்கிறது. கட்டிலுக்கு எதிரே ஓர் அலமாரி, அது நிறைய ஒரே கதையின் பாகங்கள். ஜப்பானியப் படக்கதை. உலகம் எரிந்து பாலைவனமாகிவிடுகிறது. மிச்சமிருப்பவர்கள் தண்ணீருக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். வெறுங்கையோடு ஒருவன் வருகிறான், எதிரியின் உடம்பில் ஏதோ ஓரிடத்தில் விரலை வைக்கிறான், எதிரி சிதறிப்போகிறான். பிறகு அடுத்த எதிரி. சிக்கனமான கதை என்று சொல்ல முடியாது.

பேத்தி ஒரு கம்பெனியில் வீடியோ கேம்களுக்குப் படம் வரைகிறவள். "அப்புச்சி, இன்னைக்கு வர்ற சண்டைக் கேமு, இடிஞ்சுபோன ஊரு, ஆணி வெச்ச தோல் சட்டை, பைக்குல வர்ற ரவுடிக, எல்லாத்துக்கும் இதுதான் அப்பன்" என்று வகுப்பெடுத்தாள். கேட்டுக்கொண்டே ஒன்றை எடுத்துப் பிரித்தேன். பதறிப்போய்ப் பிடுங்கினாள். "அப்படி இல்லீங்க அப்புச்சி! பின்னாடி இருந்து படிக்கோணும்."

"தெரியும் கண்ணு" என்றேன். அவள் நம்பவில்லை. அந்த ஒன்று எனக்குத் தெரிந்திருந்ததால்தான் ஒரு மனிதனுக்கு வேலை போயிற்று என்பதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

பேத்தியின் புத்தகங்களுக்கு வாசனை கிடையாது. நான் முதலில் பார்த்த பிரதிகளுக்கு இருந்தது. பைன் மரப் பெட்டியும் மெஷின் எண்ணெயும் மட்டக் காகிதமும் கலந்த வாசனை. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு நூல் மில்லில் லேபர் ஆபீஸ் உதவியாளன். வைண்டிங் பிரிவுக்கு ஜப்பானிலிருந்து புது மெஷின் பெட்டி பெட்டியாக வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க ஒரு இன்ஜினியரும் வந்தார். அவர் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. "ஜப்பான் சார்" ஆகிவிட்டார். செங்கல் கனத்தில் வாரப் பத்திரிகைகள் கொண்டுவந்திருந்தார். ரோஸ் தாளில் பாதி, பச்சைத் தாளில் பாதி, எல்லாம் படக்கதை, இந்தக் கதை உட்பட. படித்து முடித்ததைத் தூக்கி எறிந்துவிடுவார். நம் ஊரில் தூக்கி எறிந்த எதுவும் தரையைத் தொடாது. அவற்றை எடுத்துக்கொண்டவர் ஆறுச்சாமி.

ஆறுச்சாமி கிணத்துக்கடவுப் பக்கம். வைண்டிங்கில் நூல் சுற்றிய கோன் மாற்றுகிற வேலை. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். இருந்தாலும் நான் ஆபீஸில் உட்கார்ந்திருந்ததால் "சார்" என்பார். பட்டம் வாங்கிய திமிரில் நானும் அதை மறுத்ததில்லை. ஷிப்டு முடிந்ததும் கேண்டீனில் போண்டாத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் புத்தகத்தை விரிப்பார். பதினைந்து பேராவது சுற்றி நிற்பார்கள். ஒருவருக்கும் ஓரெழுத்து தெரியாது. படத்தைப் பார்த்து ஆறுச்சாமி சொல்வதுதான் கதை.

அவர் நாம் எல்லாரும் புத்தகத்தைத் திறக்கிற பக்கத்திலிருந்து திறந்தார். ஆக, கதை இப்படி ஆயிற்று: "ஒலகமே எரிஞ்சுபோச்சுங்க. வழி பூரா ஆளுக துண்டு துண்டாக் கெடக்கறாங்க. இவன் ஒருத்தன் நடந்து வாரான். போய் வெரல வெக்கறான் பாருங்க, அத்தனை துண்டும் ஒட்டிக்குது! முழு ஆளா எந்திரிச்சு நிக்கறான்."

"எந்திரிச்சவன் எதுக்குங்ணா இவனப் பார்த்துப் பல்லக் கடிக்கறான்? கத்திய வேற ஓங்கறான்?" என்று ஒருவன் கேட்டான்.

"காப்பாத்துனவனத்தான முதல்ல வைவாங்க. உன்ற மச்சானுக்கு நீ வேல வாங்கிக் குடுத்தியே, இப்ப என்ன சொல்லீட்டுத் திரியறான்?"

கேண்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு விஷயம் தெரியும். கெஸ்ட் ஹவுஸில் ஒருநாள் நான் ஒரு புத்தகத்தைப் புரட்டுவதைப் பார்த்த ஜப்பான் சார், அதைத் திருப்பி வைத்து, என் விரலைப் பிடித்துக் கடைசிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையாட்டினார். ஓ, கதையில் விரல் வைக்கிறவன் கொலைகாரன் என்று புரிந்தது. கேண்டீனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பதினைந்து பேருக்குத் தெரியாத ஒன்று நமக்கு மட்டும் தெரிகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும்.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆறுச்சாமி தொட ஆரம்பித்தார். அந்த வீரன் எங்கே விரல் வைக்கிறான் என்று படத்தில் பார்த்து, கழுத்து, தோள், புருவ மத்தி என்று அமுக்கிப் பழகினார். எட்டு மணி நேரம் நின்ற உடம்புக்கு யார் எங்கே அமுக்கினாலும் இதமாகத்தான் இருக்கும். கேண்டீன் வாசலில் வரிசை நின்றது. ஸ்பின்னிங் பிரிவுப் பெண்கள் தலைவலிக்கு வந்தார்கள். தலையை மட்டும் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணா, மெதுவாங்க" என்பார்கள். மேஸ்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கழுத்துச் சுளுக்கோடு நானும் ஒருநாள் போனேன், மற்றவர்கள் போன பிறகு. "சார், மூச்ச விடுங்க" என்றார். விட்டேன். சுளுக்கும் விட்டது. அதற்கு நான் எந்த ரசீதும் கொடுக்கவில்லை.

அப்புறம் மாரப்பன். ஆறுச்சாமிக்குப் பக்கத்து மெஷின்காரன். தள்ளுவண்டியில் உயரமாக அடுக்கியிருந்த கோன் பெட்டி சரிந்து அவன் கழுத்தடியில் விழுந்தது. கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். ஆறுச்சாமி ஓடிவந்து, அவன் தலையை மடியில் சாய்த்து, கழுத்தில் விரலை வைத்தார். "ஒண்ணுமில்ல மாப்ள, இதா எந்திரிச்சுருவ" என்று சொன்னதைப் பத்துப் பேர் கேட்டார்கள். மாரப்பன் எழுந்தான். வலது கை எழவில்லை. தோளிலிருந்து துணிபோலத் தொங்கியது.

மானேஜர் என்னைக் கூப்பிட்டார். பெட்டி விழுந்து கை போனால் அது தொழிற்சாலை விபத்து. இன்ஸ்பெக்டர் வருவார், அடுக்கிய உயரத்தை அளப்பார், கேஸ் எழுதுவார். "வேற வழி இருக்குதாப்பா?" என்றார். இருந்தது. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் உடம்பில் கைவைத்து ஊனமாக்கினால் அது விபத்தில்லை, ஒழுங்கீனம். மில்லின் வேலை விதிகளான நிலையாணையில் அந்தப் பிரிவை நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். யாரும் என்னைத் தேடச் சொல்லி அடிக்கவில்லை. விடை தெரிந்த பையன் கை தூக்குகிற மாதிரிதான் தூக்கினேன்.

முறைப்படி எல்லாம் நடந்தது. குற்றச்சாட்டுக் கடிதம், விளக்கம் கேட்பு, தற்காலிக நீக்கம், உள்விசாரணை. விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வக்கீல். நிர்வாகத் தரப்புக்கு நான். தனக்குத் துணையாகச் சக தொழிலாளி ஒருவரை அழைத்துவர ஆறுச்சாமிக்கு உரிமை உண்டு என்று எழுத்தில் தெரிவித்தோம். வரிசையில் நின்ற அத்தனை பேரில் ஒருவரும் வரவில்லை. மாரப்பன் வந்தான், எங்கள் சாட்சியாக. "அவன் வெரல வெச்ச அப்பறந்தானுங்க கை போச்சு" என்று, ஆறுச்சாமி பக்கம் திரும்பாமல் சொன்னான். மில் கேட்டில் டோக்கன் கொடுக்கிற வேலை அவனுக்கு முந்தின நாளே உறுதியாகியிருந்தது.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் சீட்டு ஒன்று வந்தது. பெட்டி விழுந்த அடியில் நரம்பு அறுந்திருக்கிறது, விரலால் அமுக்கி இப்படி ஆகாது என்று இரண்டே வரி. அதைக் கோப்பில் வைத்தேன். கேட்காத ஆவணத்தை எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆறுச்சாமிக்குக் கேட்கத் தெரியாது.

அவர் தன் பக்கத்து ஆதாரமாகக் கொண்டுவந்தது புத்தகத்தை. வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, "நான் அடிக்கலீங்க. இது வைத்தியமுங்க. இதுல இருக்குதுங்க, பாருங்க" என்று வக்கீலுக்குப் பக்கம் பக்கமாகக் காட்டினார். துண்டுகள் ஒட்டின, ஆட்கள் எழுந்தார்கள். வக்கீலுக்கே முகம் கொஞ்சம் இளகியது.

நான் எழுந்து குறுக்கு விசாரணைக்கு அனுமதி கேட்டேன். "இந்தப் புத்தகத்த எந்தப் பக்கமிருந்து படிச்சீங்க?"

"இதென்னங்க சார் கேள்வி? மொதப் பக்கத்துல இருந்துதானுங்க."

புத்தகத்தை வாங்கித் திருப்பி வைத்தேன். ஜப்பானியர்கள் இப்படித்தான் படிப்பார்கள் என்று குறிப்பில் பதிவுசெய்யச் சொல்லிவிட்டு, அவருக்கு எதிரே பிடித்தபடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். எதிரி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். வீரன் விரலை வைக்கிறான். எதிரி துண்டு துண்டாகக் கிடக்கிறான். வீரன் திரும்பிப் பார்க்காமல் போகிறான். அடுத்த ஆள். அடுத்த ஆள். அவசரமே படவில்லை நான். என் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த குறுக்கு விசாரணை அது.

ஆறுச்சாமி தன் விரலைப் பார்த்தார். பிறகு என்னை. "அப்ப அத்தன பேரையும் கொன்னுபோட்டானுங்களா, சார்?"

"ஆமா."

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். வேலைநீக்க உத்தரவில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

மில் பிறகு மூடியது. ஷிப்டுச் சங்கு போயிற்று, கேண்டீன் போயிற்று, அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மூடும்போது பழைய கோப்புகளை அழிக்கும் பட்டியலைத் தயாரித்ததும் நான்தான். ஆறுச்சாமியின் கோப்புக்கு வயது கடந்திருந்தது. புத்தகமும் டாக்டர் சீட்டும் அதற்குள்ளேயே இருந்தன. கையெழுத்திட்டேன், பாய்லர் பக்கம் கொண்டுபோய் எரித்தார்கள்.

ஓய்வுபெற்ற பின் கிணத்துக்கடவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவரைத் தேடிப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். "வாங்க சார், ஊட்டுக்குள்ள வாங்க" என்று நாற்காலி போட்டு இளநீர் வெட்டச் சொன்னார். தோப்பில் காவலுக்கு இருந்தாராம். அவர் மனைவி என்னோடு பேசவில்லை. நான் டாக்டர் சீட்டைப் பற்றி வாயெடுக்கும் முன் அவரே ஆரம்பித்தார்.

"உங்கள நெனைக்காத நாளில்லீங்க. என்னால ஒரு மனுசனுக்குக் கை போச்சு. அன்னைக்கு நீங்க திருப்பிக் காட்டாம இருந்திருந்தா இன்னும் எத்தன பேரத் தொட்டு என்னென்ன பண்ணியிருப்பனோ. பெத்த புள்ளைங்க காச்சல்ல கெடந்தப்பக்கூட நான் கைய வெக்கலீங்க. நீங்க செஞ்சது பெரிய உபகாரமுங்க."

இளநீர் வந்தது. குடித்தேன். "பரவால்லீங்க" என்றேன்.

போன வருஷம் அவரும் போய்விட்டார். அந்த நன்றி என்னிடமே இருக்கிறது. திருப்பிக் கொடுக்க ஆளில்லை.