கழுதைக்கு 91

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பெயர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எண், அந்த ஆள் எத்தனை வயதில் மவுத்தாவார், எப்போது சாவார் என்பதைச் சொல்கிறது என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். இன்றைக்கு அந்த எண்களைப் போட்டுத்தான் சோறு தின்கிறேன் என்பதால் இதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

உம்மாவின் தங்கை, என் சாச்சி, புத்தளத்தில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கற்பிட்டியின் வரலாற்றை எழுத, அதற்குச் சுட்டி, அதாவது கடைசிப் பக்கங்களில் வரும் பெயரடைவு, தயாரிக்கும் வேலை சாச்சிக்கு வந்தது. எங்கள் வீட்டில் இருந்துகொண்டே அச்சகத்துத் தாள்களை வாசித்து, பெயருக்கு ஒரு துண்டாகப் பென்சிலால் எழுதி, சப்பாத்துப் பெட்டிக்குள் அகர வரிசையில் அடுக்குவார். ஒரு பெயரைச் சொன்னால் போதும், பார்க்காமலே அவர் விரல் போய் அந்தத் துண்டை எடுக்கும். ஊரே அந்தப் பெட்டிக்குள் வரிசையில் நிற்பதுபோல இருக்கும். வாய் பிளந்து பார்ப்பேன். துண்டிலிருப்பது பக்க எண் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், பாங்கு சொல்லும் மோதினாரின் மவுத்தை அறிவித்தார்கள்: வயது ஐம்பத்தெட்டு. ஓடிப்போய் அவருடைய துண்டை எடுத்தேன். 58! சாச்சிக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. சிலருக்கு 23, 67 என்று இரண்டு எண்கள். முதல் தடவை தப்பிவிட்டார்கள் போலும் என்று விளக்கமும் நானே கண்டுபிடித்தேன்.

பிறகு வாப்பாவின் துண்டைத் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. 41.

வாப்பாவுக்கு அடுத்த மாதம் நாற்பத்தொன்று. கண்டக்குழியில் படகு எஞ்சின் திருத்தும் அந்த மனிதர் ஒன்றும் தெரியாமல் பாண் தின்றுகொண்டிருந்தார். மூன்று தரம் பெட்டியைத் துழாவினேன். நாலாவது தரம் ‘கழுதை’ என்ற துண்டு கையில் பட்டது: 91. ஊரெல்லாம் வேலி தின்று திரிகிற கழுதைக்குத் தொண்ணூற்றொன்று, என் வாப்பாவுக்கு நாற்பத்தொன்றா? அழிறப்பரை எடுத்து இரண்டையும் மாற்றினேன். கழுதைகளிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சாச்சி ஒவ்வொரு துண்டையும் தாளோடு ஒத்துப் பார்த்தார்.

“மச்சான், உங்களத் தேடிப் போனா கழுத வருது.”

“உங்க ராத்தா கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து அதத்தானே சொல்றா,” என்றார் வாப்பா.

அந்த ராத்தாவான என் உம்மாகூடச் சிரித்தார். நான் ஓவென்று அழுதேன். “நாப்பத்தொண்டுல வாப்பா மவுத்தாப் போவார், வேணாம்!”

சிரிப்பு நின்றது. சாச்சி 41ஆம் பக்கத்தை என் முன்னால் விரித்தார். கண்டக்குழிக் கரையில் முதன்முதலாக எஞ்சின் பூட்டிய படகை ஓட்டியவர் என்று வாப்பாவின் பெயர் இருந்தது.

“சாகிற கணக்கில்ல மகன். தேடி வாறவங்களுக்கு வாப்பா இரிக்கிற எடம்.”

“தொண்ணூத்தொண்டு இரிக்கட்டுமே. நல்ல வயசுதானே?” என்றார் வாப்பா.

“பிழையான நம்பரப் போட்டா தேடி வாறவன் வெறுங்கையோட போவான்,” என்று சாச்சி அழித்துவிட்டு 41 எழுதினார்.

எனக்கு விளங்கவில்லை. அந்த வருடம் முழுக்க, வாப்பா எஞ்சினைச் சோதிக்கக் கடலில் இறங்கியபோதெல்லாம் கரையில் காவல் நின்றேன்.

வாப்பா மவுத்தானது எழுபத்து நான்கு வயதில். அடக்கிவிட்டு வந்து நான் முதலில் செய்த காரியம், அந்தப் புத்தகத்தில் 74ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்ததுதான். அங்கே உப்பளத்தைப் பற்றி எழுதியிருந்தது. வாப்பா 41இல் இருந்தார்.