அமாரோவின் நாற்பத்தைந்து கோல்கள்

அமாரோ ஃபுர்ட்டாடோவுக்குக் காது கேட்காது என்பது, ஆறு மாதம் பக்கத்துத் தறியில் வேலை பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஃபால் ரிவர் ஊர் நெசவு மில்களின் தறிக்கூடத்தில் யாருக்குமே எதுவும் கேட்காது. எங்கள் அம்மாக்கள் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து கப்பலேறி வந்தபோதே ஒரு பேச்சையும் கொண்டுவந்திருந்தார்கள். சத்தமே வராது. உதட்டையும் முகத்தையும் பெரிதாக அசைத்தால் இருபது தறி தள்ளி நிற்பவருக்கும் புரியும். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, மேஸ்திரி எந்தப் பக்கம் வருகிறான் என்று எல்லாச் செய்தியும் அப்படித்தான் ஓடும். அந்தப் பேச்சில் அமாரோ எங்களையெல்லாம் விடக் கெட்டிக்காரன்.

ஒரு நாள் மதியம் மில் வாசலில் அவனுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவன் நகரவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"டேய், காது கேக்கலையா உனக்கு?"

"இல்ல," என்றான் சாதாரணமாக.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே, வில்ஃப்."

பதினான்கு வயதில் அம்மாவோடு போர்த்துக்கல்லின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்தவன். 1918இல் ஊரையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் அவனை உயிரோடு விட்டுவிட்டு, காதை எடுத்துக்கொண்டது. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. இதைச் சொல்லும்போது முகத்தில் வருத்தம் எதுவும் தெரியாது. பாதிப் போர்த்துக்கீசியமும் பாதி லங்காஷயர் இங்கிலீஷுமாகப் பேசுவான். குரல் கொஞ்சம் உரக்க இருக்கும்.

நான் அப்போது சவுத் எண்ட் ரோவர்ஸ் குழுவில் வலது விங், அதாவது வலது ஓரத்தில், ஆடிக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்கத் தறி, சனிக்கிழமை பந்து. எங்கள் ஊரில் பந்தாட்டம் என்றால் காலால் ஆடுவதுதான். அமெரிக்காவின் மற்ற ஊர்கள் பேஸ்பாலைக் கட்டிக்கொண்டு அழுததைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. அமாரோ தெருவில் ஆடுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். குள்ளமான ஆள், கொஞ்சம் வளைந்த கால். இரண்டு பேர் நடுவில் நுழைந்து, மூன்றாமவன் திரும்புவதற்குள் பந்தை அடித்துவிட்டிருந்தான். அடுத்த வாரமே எங்கள் மேனேஜர் டங்கன் ரென்னியிடம் அழைத்துப் போனேன்.

ரென்னி கிளாஸ்கோக்காரர். சிரிப்பதற்குக் கூலி கேட்பவர் போல இருப்பார். சோதனை ஆட்டத்தில் அமாரோ ஐந்து முறை பந்தை வலைக்குள் போட்டான். அதில் இரண்டு, ரெஃபரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திய பிறகு போட்டது. கோல்கீப்பர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். அமாரோ அவனைச் சுற்றிக்கொண்டு போய் அடித்தான். வேலி ஓரம் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"விசிலே கேக்காதவனை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?" என்றார் ரென்னி.

"விசில் ஊதினா நான் கையைத் தூக்கறேன் சார். அவன் என்னைப் பாத்துக்குவான்."

"நீ பந்தைப் பாப்பியா, அவனைப் பாப்பியா?"

அமாரோ எங்கள் இருவர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு கோல் விசிலுக்கு முன்னாடி அடிச்சேனே, அது கணக்கில்லையா?" என்றான். ரென்னி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அளவெடுத்துச் சட்டை கொடுக்கச் சொன்னார்.

அவனுடைய அந்தப் பெரிய ஆண்டு 1925இல் தொடங்கியது. கிழக்குக்கரை லீக்கில் மொத்தம் நாற்பது ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் இரண்டு, அடுத்ததில் மூன்று. நானும் அவனும் மைதானத்தின் இரண்டு மூலைகளில் நின்றுகொண்டு தறிக்கூடப் பேச்சில் பேசுவோம். 'தூரத்துக் கம்பத்துக்குப் போடு.' 'இப்ப வேண்டாம், பொறு.' கூட்டம் எவ்வளவு கத்தினாலும் எங்களுக்கு அது இடைஞ்சலே இல்லை. எதிரணிக்காரர்கள் நாங்கள் முகத்தைக் கோணலாக்கி ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வதாக நினைத்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது. செவிடன்தானே என்று தடுப்பாட்டக்காரர்கள் அவன் எதிரிலேயே திட்டம் பேசுவார்கள். "நீ முன்னாடி போ, நான் பின்னால நிக்கறேன்" என்று ஒருவன் சொல்லி முடிப்பதற்குள், அமாரோ அந்த இருவருக்கும் நடுவில் போய் நின்றிருப்பான்.

கிறிஸ்துமஸுக்குள் இருபத்தொன்று. பனி உறைந்து, மைதானத்தில் சாம்பல் கொட்டி ஆடிய பிப்ரவரியிலும் எட்டு. ஏப்ரலில் போர்த்துக்கீசியப் பேட்டையின் ரொட்டிக் கடைக்காரர் ஜன்னலில் ஒரு பலகை வைத்து, கோலுக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தார். முந்தைய ஆண்டு நியூ ஜெர்சிக்காரன் ஒருவன் அடித்த நாற்பத்து நான்குதான் லீக்கின் உச்சம். கடைசி ஆட்டத்தின் காலையில் பலகையில் நாற்பத்து மூன்று கோடுகள் இருந்தன.

அந்த ஆட்டம் எங்கள் மைதானத்தில், பென்சில்வேனியாவின் இரும்பாலை ஊர்க் குழுவோடு. அவர்களுடைய சென்டர் ஹாஃப், நடுவில் நின்று தடுப்பவன், ஐவர் ப்ரோசர் என்ற வெல்ஷ்காரன்; கதவுபோல அகலமானவன். யாரோ அவனிடம் சொல்லிவிட்டிருந்தார்கள், அமாரோ உதட்டைப் படிப்பான் என்று. முதல் பாதி முழுக்க ப்ரோசர் வேண்டுமென்றே பொய் பேசினான். "வலது பக்கத்தை விட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பான். அமாரோ வலது பக்கம் ஓடுவான். அங்கே இரண்டு பேர் காத்திருந்து அவனை நடுவில் வைத்து நசுக்குவார்கள். இரண்டு முறை மாட்டிக்கொண்டான். மூன்றாம் முறை தயங்கி நின்றதில் பந்தே போய்விட்டது. இடைவேளைக்கு வரும்போது முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்தது.

"அவன் பொய் சொல்றான்டா," என்றேன்.

"தெரியும்." ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டே சிரித்தான். "பொய் சொல்றப்போ என் மூஞ்சியைப் பாத்துச் சொல்றான். நெஜம் பேசறப்போ எவன் என்னைப் பாக்கறான்?"

இரண்டாம் பாதியில் அவன் ப்ரோசரின் பக்கவாட்டு முகத்தை மட்டும் கவனித்தான். ப்ரோசர் கோல்கீப்பர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னது எனக்கும் தெரிந்தது. உடனே அமாரோவின் உதடு என்னைப் பார்த்து அசைந்தது: 'உயரமா வந்தா எடுத்துக்கறேன்னு சொல்றான். தரையோட போடு.' நான் தரையோடு தரையாகக் குறுக்கே அடித்தேன். ப்ரோசர் தலையால் முட்டுவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தான். பந்து அவன் காலடியைத் தாண்டிப் போக, அமாரோ சறுக்கிக்கொண்டே உள்ளே தள்ளினான். நாற்பத்து நான்கு. தொப்பிகள் பறந்தன.

ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது அது நடந்தது. நடு மைதானத்தில் பந்தைப் பிடுங்கிக்கொண்டு அமாரோ தனியாக ஓடினான். விசில் ஒலித்தது. நான் வழக்கம்போலக் கையைத் தூக்கினேன், ஆனால் அவன் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தான். ப்ரோசர் நின்றுவிட்டான். கீப்பரும் நின்றுவிட்டான். அமாரோ நிதானமாக வலையின் ஓரத்தில் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பினான். பழைய வேடிக்கை என்று கூட்டம் சிரிக்கத் தொடங்கியபோது ரெஃபரி நடு வட்டத்தைக் காட்டினார். கோல்!

ஊதியது அவர் இல்லை. வேலி மேல் ஏறிய ஆட்களை விரட்டுவதற்காக ஒரு போலீஸ்காரர் ஊதிய விசில் அது.

இரும்பாலைக்காரர்கள் ரெஃபரியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் தன் விசிலைத் தூக்கிக் காட்டி, "இது என் வாய்க்கே போகல!" என்று கத்தினார். இரண்டு நிமிடம் சண்டை. அமாரோ என்னிடம் வந்து, "எதுக்குக் கத்தறாங்க?" என்றான். சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் நேராக ப்ரோசரிடம் போனான்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. இன்னொண்ணு போடறேன், அப்புறம் பேச்சே வேணாம். இந்தத் தடவை நிக்காதே."

"வந்து பாரு தம்பி," என்றான் ப்ரோசர், முகத்தை நன்றாகக் காட்டி.

அந்த நான்கு நிமிடம் போல நான் எதையும் பார்த்ததில்லை. இரண்டு முறை அமாரோ அவனை நோக்கிப் போனான். இரண்டு முறையும் ப்ரோசர் வாயே திறக்காமல், சுத்தமாக, பந்தை மட்டும் எடுத்துக்கொண்டான். ஆட்டம் முடிந்துவிட்டது.

சேற்றோடு ப்ரோசர் எங்கள் அறைக்கு வந்தான். "இன்னிக்கு எத்தனை பொய் சொன்னேன் தெரியுமா?"

"ஏழு," என்றான் அமாரோ. "ரெண்டைத்தான் நம்பினேன்."

ப்ரோசர் அவன் தோளில் அடித்த அடியில் அமாரோ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

லீக் நாற்பத்தைந்து என்று பதிவு செய்தது. பென்சில்வேனியாவில் கடைசிவரை நாற்பத்து நான்கு என்றுதான் சொன்னார்கள். யாராவது அமாரோவைச் சீண்டினால், "காது இருக்கறவங்க எல்லாம் நின்னுட்டாங்க. அதுக்கு நான் என்ன செய்யறது?" என்பான். ஆனாலும் அந்த நான்கு நிமிடத்தில் ஒன்று வலைக்குள் போயிருக்கலாம் என்று ஆசைப்பட்டான். அதை ஒருமுறை என்னிடம் மட்டும் சொன்னான்.

அடுத்த ஆண்டு எல்லோரும் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார்கள். அப்படியும் பத்தொன்பது அடித்தான். பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின, லீக்கும் போனது. அமாரோ ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் போனான். இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்தச் சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவானாம். அங்கே தைத்துக்கொண்டிருந்த ஈல்டா பச்சேக்கோவைக் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு பெண்கள். 1957இல் உறக்கத்திலேயே போனான்.

ஊர்க்காரர்கள் அவன் பெயரைச் சொன்னாலே போலீஸ் விசில் கதையைத்தான் கேட்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதே ஆண்டு மார்ச்சில் நடந்த ஒரு சாதாரண ஆட்டம். மழை. ஐந்து கோல் முன்னிலையில் இருந்தோம். கீப்பர் விழுந்து கிடந்தான், அமாரோவுக்கு எதிரில் வெறும் வலை. தொட்டால் போதும், உச்சத்துக்கு இன்னும் ஒரு படி. அவன் பந்தைப் பக்கவாட்டில் எனக்கு உருட்டிவிட்டான். அந்த ஆண்டு முழுக்க நான் அடித்ததே மூன்று கோல். அதில் ஒன்று அது.

"பைத்தியமாடா உனக்கு? நீயே போட்டிருக்கலாமே," என்றேன்.

அவன் வேலிப் பக்கம் தலையை அசைத்தான். பந்தாட்டம் வேலையற்றவன் பிழைப்பு என்று ஒரு ஆட்டத்துக்கும் வராத என் அப்பா, குடைக்குக் கீழே நனைந்துகொண்டு நின்றிருந்தார். நான் அவரைக் கவனித்திருக்கவே இல்லை.

"உங்கப்பா வந்திருக்காரு," என்றான் அமாரோ. "நான் போட்டா அவருக்கு என்ன?"