மாரா ஆற்றுக்குப் போட்ட திட்டம்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் விமானச் சீட்டு விற்கும் கடையொன்றில் நான் வேலை செய்கிறேன். கொழும்புக்கும் சென்னைக்கும் ரொறொன்ரோவுக்கும் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். ஆபிரிக்கக் காடு பார்க்கவேண்டும் என்று முதன்முதல் கேட்டவள் என் மனைவிதான்.

அவளுக்குக் கார்ஜ் என்ற புறநகரில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் மிருகங்களைப் பார்ப்பாள். எங்கள் கலியாணத்துக்கு இருபத்தைந்து வருடம் ஆனபோது, என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"நகை வேண்டாம். கென்யாவிலை அந்தக் காட்டுமாடுகள் கூட்டமாய் ஆறு கடக்குமெல்லே, அதை நேரிலை பாக்கவேணும்."

எனக்குத் தொழில் வெறி பிடித்துக்கொண்டது. மாடுகள் புல்லைத் தேடி மாரா ஆற்றுக்கு வரும் மாதங்களை விசாரித்தேன். யானைக்கு ஒரு பூங்கா, காண்டாமிருகத்துக்கு ஒன்று, நாரைக்கு ஒரு ஏரி, கடைசியில் மாரா என்று நான்கு இடங்களை ஒரே வாரத்துக்குள் அடக்கினேன். பெருமையோடு குசினி மேசையில் விரித்துக் காட்டினேன்.

அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இதிலை நாங்கள் மிருகம் பாக்கிறது எப்ப? முழுக்க ரோட்டுத்தானே. கடையிலை சனத்தை ஏத்தி இறக்கிற மாதிரி என்னையும் ஏத்தி இறக்கப் போறியளோ?"

"அவ்வளவு தூரம் போறம், எல்லாத்தையும் பாக்க வேண்டாமே?"

"வேண்டாம். ஒரு இடம் காணும்."

மகள் அறைக்குள்ளிருந்து பிரெஞ்சில், "அம்மா சொல்வதுதான் சரி" என்று கத்தினாள். நைரோபியில் வண்டி ஒழுங்கு செய்பவரைத் தொலைபேசியில் கேட்டேன். அவரும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார். மூன்று இடங்களை வெட்டினேன். மனம் ஆறவில்லை.

பெட்டி அடுக்கும்போது, நைரோபியிலிருந்து மாராவுக்குப் போகும் சின்ன விமானத்தில் பாரம் குறைவாகத்தான் ஏற்றலாம் என்றேன். அவள் என் சப்பாத்துச் சோடி ஒன்றை வெளியே எடுத்து, மிளகாய்த்தூள் போத்தலை உள்ளே வைத்தாள்.

மாராவில் ஒரு காலை முழுவதும் ஆற்றங்கரையில் ஜீப்பில் இருந்தோம். மாடுகள் தூசி கிளப்பிக்கொண்டு வந்து, நீர் ஓரம்வரை இறங்கி, நின்று, திரும்பிப் போயின. மறுபடி வந்தன. மறுபடி திரும்பின. எனக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சை நேரம் போகுது. சிங்கம் எங்கையாவது நிக்கும், போவமே?"

"பொறுங்கோ. முன்னுக்கு நிக்கிறதுக்குப் பயமாக்கிடக்கு. பாவம், யோசிக்கட்டும்."

மத்தியானமும் அவை கடக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு யானைக்கூட்டம் பாதையை மறித்தது. நான் வன்னியில் வளர்ந்தவன். இரவில் யானை வந்தால் தகரம் தட்டி, பந்தம் கொளுத்தித் துரத்துவோம். விடிந்தால் வாழைகள் கிடக்கும் கோலத்தைப் பார்த்து என் ஐயா திட்டுவார். கை தானாக ஜீப்பின் கம்பியை இறுக்கிப் பிடித்தது. சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். குட்டியொன்று தும்பிக்கையை எப்படிப் பாவிப்பது என்று தெரியாமல் அதையே மிதித்துத் தடுக்கி விழுந்தது. தாய் காலால் மெல்ல அணைத்து நிமிர்த்தியது.

யானையை நான் ஆறுதலாகப் பார்த்தது வாழ்க்கையில் அன்றுதான். அவள் என் கையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாட்களிலும் மாடுகள் ஆறு கடப்பதை நாங்கள் பார்க்கவில்லை. நாங்கள் விமானம் ஏறிய மறுநாள் கடந்ததாகச் சாரதி படம் அனுப்பினார். ஒரு நாள் பிந்திச் சீட்டுப் போட்டிருக்கலாமே என்று நான் புலம்பினேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கடந்திட்டுதுகள்" என்று சந்தோசமாகச் சொன்னாள்.

இப்போது லா கூர்னெவ், ஸ்தேன் புறநகர்களிலிருந்து சிலர் கென்யாவுக்குத் திட்டம் கேட்டுக் கடைக்கு வருகிறார்கள். நான் விமானத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு அவளுடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கிறேன்.