மூன்றாம் ஓலைக்குக் காத்திருந்தவர்கள்

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையில் அன்று தாசில்தார் இருந்தார், கிராம நிர்வாக அலுவலர் இருந்தார், நிலம் போகவிருந்த எங்கள் தெருக்காரர்கள் இருந்தார்கள். நைனாவும் சித்தப்பாவும் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் இரண்டாவது பெஞ்சில் இருந்தார்கள், நடுவில் நான். அம்மா வரவில்லை. "பொம்பளைங்களுக்கு அங்க இன்னா வேலை?" என்று சித்தப்பா தடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் அதிகாரி முன்னால் வாய் திறக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

1991. தொழிற்சாலைக்கென்று எங்கள் பக்கம் நிலம் எடுக்க வந்திருந்தார்கள். நிலம் போய்விடும் என்று எங்களுக்குத் தெரியும். மிச்சமிருந்தது கிணறு. அம்மாவின் நகையை விற்று, பாறையில் வெடி வைத்து வெட்டியது. அரசாங்கக் கணக்கிலோ அந்த இடம் இன்னும் வெறும் மானாவாரி. கிணறு இருக்கிறது என்று அன்றைக்கு நாங்கள் சொன்னால்தான் அதற்கும் சேர்த்துப் பணம் வரும்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். அந்த வருஷம்தான் ஆங்கில வகுப்பில் 'ஸ்பீக் நவ் ஆர் ஃபாரெவர் ஹோல்ட் யுவர் பீஸ்' என்ற தொடரை நடத்தினார்கள். வெள்ளைக்காரர் கல்யாணத்தில் பாதிரியார் கேட்பதாம்: தடை இருந்தால் இப்போதே சொல், இல்லையென்றால் என்றைக்கும் சொல்லாதே. இப்போதெல்லாம் அதைக் கேலிக்கும் சொல்வார்கள், பந்தியில் கடைசி வடையை எடுக்கும்முன் கூடச் சொல்லலாம் என்றார் விரிவுரையாளர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் ஊர் மாதா கோயிலில் நடைமுறை வேறு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. தடை இருப்பவர்கள் முதல் ஓலையில் எழுந்திருப்பதில்லை, அது கலகம். வீட்டில் கூடிப் பேசுவார்கள், இரண்டாம் ஓலையையும் விட்டுவிடுவார்கள். மூன்றாவதில் பேசுபவனுக்குத்தான் மரியாதை.

தாசில்தார் புல எண்களை வாசித்து முடித்தார். "யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

நைனா என் தொடையை அழுத்தினார்.

"சொல்லு நைனா. கெணறு கீதுன்னு ஒரு வார்த்தை."

"இரு. இது மொதல் ஓலை."

"இங்க ஓலையெல்லாம் கெடையாது. ஒரே வாட்டிதான் கேப்பாங்க."

"காலேஜுக்குப் போனா எல்லாம் தெரிஞ்சிடுமா?" என்றார் சித்தப்பா. "எடுத்த எடுப்புல குறுக்க நின்னா, கலைக்க வந்த பசங்கன்னு எழுதிக்குவாங்க. மூணாவது வாட்டி பேசிக்கலாம்."

நான் எழுந்தேன். "சார், எங்க நெலத்துல கெணறு..."

"பட்டா உன் பேர்லயா தம்பி?"

"எங்க நைனா பேர்ல."

"அப்ப அவரு பேசட்டும். நீ உக்காரு." தாசில்தார் நைனாவைப் பார்த்தார். "பெரியவரே, ஏதாவது இருக்கா?"

கோயிலில் நிற்பதைப் போலக் கை கட்டி எழுந்து, நைனா சொன்னார்: "ஒண்ணுமில்லீங்க."

ஆட்சேபணை இல்லை என்று எழுதி அவருடைய கைரேகையை வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் சித்தப்பா என் முதுகில் தட்டி, "பாத்தியா, எவ்ளோ மரியாதையா கேட்டாரு!" என்றார்.

அதன் பிறகு நைனா அந்த வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்தே வைத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. நிலத்தில் கல் நட வந்த சர்வேயரிடம் போய், "அடுத்த வாட்டி எப்ப சார் கேப்பீங்க?" என்றார். சர்வேயருக்குப் புரியவில்லை. எங்கள் கோயிலுக்கே வருகிற அவருடைய செயின்மேனுக்குப் புரிந்தது. "பெருசு, மாப்ளை பொண்ணை இட்டுகினு பூட்டான். நீ இன்னும் ஓலைக்குக் காத்துகினு கீறியா?" சங்கிலியைப் பிடித்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

வந்த இழப்பீட்டுத் தொகையில் கிணறு இல்லை. தாலுகா ஆபீஸ் கிளார்க் தாளைப் புரட்டி, கிணற்றையும் சேர்த்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று சாவகாசமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"உங்க நைனா வாய் தொறக்காததுக்கு வெலை" என்றாள், அவருக்குக் கேட்கும்படி. "ஒரு வாட்டிதான் சொல்லுவேன், மூணு வாட்டி சொல்ல மாட்டேன். பதினாறாயிரம் ரூபா."